அண்மையில் மாறிய கோப்பு கட்டளை வரியில் அகப்படவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கீழக்கரை முதல் தொண்டி வரையிலான கரையோரத்தில் ஐஸ் ஃபேக்டரி, மீன் ஏலக் கூடம், வலைக்கடை, போட்டோ ஸ்டூடியோ எனப் பல இடங்களில் பழைய கணினிகளில் லினக்ஸ் ஏற்றப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றைப் பார்த்துக் கொடுக்கப் போகும் இடங்களிலெல்லாம் காதில் விழும் புகார் ஒன்றே: "நேத்துப் போட்ட கணக்கைக் காணோம்ண்ணே." கோப்பு பெரும்பாலும் டிஸ்க்கிலேயேதான் இருக்கிறது, அதன்மேல் பதிவாகியிருக்கும் தேதிதான் தேடுபவர் நினைக்கும் தேதியாக இருப்பதில்லை. எனவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணங்களை முன்னும், செலவு வைக்கும் காரணங்களைப் பின்னும் வைத்திருக்கிறேன்.

கட்டளைகள் ஒலிப்புப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. கட்டளை தட்டும் சாளரமான முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், கோடு, புள்ளி, இடைவெளி மாறாமல் தட்ட வேண்டும். முதலில் தட்ட வேண்டியது இது:

ஃபைண்டு . -டைப் எஃப் -எம்மின் -120 (ஆங்கிலத்தில்: find . -type f -mmin -120)

நிற்கும் கோப்புறையிலும் அதன் உள்ளறைகளிலும் கடந்த 120 நிமிடங்களுக்குள் உள்ளடக்கம் மாறிய கோப்புகளை மட்டும் இது காட்டும். தேடியது இதிலேயே வந்துவிட்டால் மேலே படிக்கத் தேவையில்லை.

அறிகுறி 1: எதையும் காட்டாமல் கட்டளை முடிந்துவிடுகிறது

நிற்கும் இடத்தை முதலில் பாருங்கள். பிடபிள்யூடி (pwd) என்று தட்டினால் எந்தக் கோப்புறையில் இருக்கிறீர்கள் என்பது தெரியும். புள்ளிக்குப் பதிலாகக் கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுத்துத் தேடுவது இன்னும் நல்லது.

இடம் சரியென்றால் கழித்தல் குறியைப் பாருங்கள். -எம்டைம் -1 என்றால் கடந்த 24 மணி நேரத்துக்குள் மாறியவை. குறியில்லாத -எம்டைம் 1 என்றால் 24 மணி நேரத்துக்கு மேல், 48 மணி நேரத்துக்குள் மாறியவை. -எம்டைம் +1 என்றால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ ஆனவை. கட்டளை வயதை முழு நாள்களாக எண்ணி, மிச்சத்தைத் தள்ளிவிடுவதால்தான் இந்தக் கணக்கு. ஒரு குறி விடுபட்டதால் இன்றைய கோப்பு முழுவதும் வெளியே நின்றுவிடும்.

'இன்று' என்பதை நள்ளிரவிலிருந்து எண்ண வேண்டுமானால் லினக்ஸில் -டேஸ்டார்ட் -எம்டைம் 0 என்று, இதே வரிசையில், கொடுக்கலாம். மேக் கணினி இதை ஏற்காவிட்டால் தேதியையே எழுதிக் கேட்பது எளிது:

ஃபைண்டு . -டைப் எஃப் -நியூவர்எம்டி '2025-06-15 00:00' (ஆங்கிலத்தில்: find . -type f -newermt '2025-06-15 00:00')

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிவதால், தடை நீங்கிய பின் எழுதிய ஏலக் கணக்குகளை மட்டும் பிரித்தெடுக்க ஏலக் கூடங்களில் அதிகம் பயன்படும் வரி இதுதான். ஆண்டை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

அடுத்து, தேடத் தொடங்கும் பாதை ஒரு குறுக்கிணைப்பாக இருக்கலாம். மேசைமேல் தெரியும் 'கணக்கு' என்பது உண்மையான கோப்புறையாக இல்லாமல் வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பாக இருந்தால், ஃபைண்டு அதற்குள் நுழையாது. பாதையின் கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்துத் தேடினால் உள்ளே போகும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, வெளி டிஸ்க் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது ஒரு கோப்புறையின் இடத்தில் இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கிறதா என்பது. டிஎஃப் -ஹெச் தரும் பட்டியலில் அந்த டிஸ்க்கின் பாதை இருக்க வேண்டும். மின்வெட்டுக்குப் பின் கணினி எழும்போது டிஸ்க் மவுண்ட் ஆகாமல் போயிருக்கலாம். ஆனால் அதற்கென வைத்திருந்த வெற்றுக் கோப்புறை அங்கேயே இருப்பதால், மென்பொருள் அன்றைய கணக்கைச் சத்தமில்லாமல் அதற்குள், அதாவது உள் டிஸ்க்கில், எழுதிவைக்கும். மறுநாள் டிஸ்க் ஒழுங்காக மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அதற்கு அடியில் மறைந்துவிடும். டிஸ்க்கை முறைப்படி கழற்றிவிட்டு அதே பாதையில் மீண்டும் தேடினால் அவை தென்படும். இந்தக் காரணத்தை யாரும் எளிதில் நினைப்பதில்லை; நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தில் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அறிகுறி 2: இன்று காப்பி செய்தவை மட்டும் வருவதில்லை

ஸ்டூடியோக்களிலிருந்து வரும் புகார் பெரும்பாலும் இதுதான். கல்யாண வீட்டில் நான்கு நாள் முன் எடுத்த படங்களை இன்று காலை கணினியில் ஏற்றியிருப்பார்கள். இன்றைய கோப்புகளைத் தேடினால் ஒரு படமும் வராது.

எம்டைம், எம்மின் ஆகிய இரண்டும் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரத்தையே பார்க்கின்றன. சாதாரண சிபி கட்டளை புதிய நகலுக்கு இன்றைய நேரத்தைக் கொடுக்கும். ஆனால் சிபி -பி (cp -p), ஆர்சிங்க் -ஏ (rsync -a), எம்வி, டார், அன்ஜிப் ஆகியவையும் சாளரத்தில் இழுத்துப் போடும் கோப்பு மேலாளர்கள் பலவும் பழைய நேரத்தை அப்படியே காப்பாற்றும். ஆகவே, கணினிக்கு இன்று வந்த கோப்பு நான்கு நாள் பழைய தேதியோடு இருப்பது பிழையன்று.

இந்த இடத்தில் கேட்க வேண்டியது சிடைம். உரிமை, பெயர், உள்ளடக்கம் என எது மாறினாலும், கோப்பு இந்த டிஸ்க்கில் புதிதாக உருவானாலும், சிடைம் அந்த நொடிக்கு மாறும். ஆகவே,

ஃபைண்டு . -டைப் எஃப் -சிமின் -240 (ஆங்கிலத்தில்: find . -type f -cmin -240)

என்று தேடினால் கடந்த நான்கு மணி நேரத்தில் வந்து சேர்ந்தவை, எந்தத் தேதியோடு வந்திருந்தாலும், வந்துவிடும். ஒரு கோப்பைத் தனியாகச் சோதிக்க ஸ்டாட் என்று தட்டி அதன் பெயரைக் கொடுங்கள். மூன்று நேரங்களும் அடுத்தடுத்துத் தெரியும். இவற்றில் ஏடைம், அதாவது கடைசியாகப் படித்த நேரம், துப்புத் துலக்க உதவாது. லினக்ஸ் 2009 முதல் அதை ஒவ்வொரு முறையும் புதுப்பிப்பதில்லை.

சிடைமுக்கு இன்னொரு பயனும் உண்டு. டச் கட்டளையால் எம்டைமை யார் வேண்டுமானாலும் பின்தேதியிடலாம். சிடைமை அப்படி நேராக மாற்ற வழியில்லை. இணையதளம் வைத்திருக்கும் சர்வரில், எம்டைம்படி மூன்றாண்டு பழையதாகவும் சிடைம்படி நேற்று மாறியதாகவும் ஒரு பிஎச்பி கோப்பு இருந்தால், யாராவது பேக்கப்பிலிருந்து மீட்டார்களா, உரிமையை மாற்றினார்களா என்று முதலில் கேளுங்கள். யாரும் தொடவில்லை என்று உறுதியானால் அதை அழிக்காமல், சர்வரை இணையத்திலிருந்து பிரித்துவிட்டு, பாதுகாப்பு தெரிந்தவரை அழைக்க வேண்டிய கட்டம் அதுவே.

அறிகுறி 3: கோப்பு வருகிறது, ஆனால் நேரம் ஐந்தரை மணி தள்ளியிருக்கிறது

பிசகு சரியாக ஐந்தரை மணி நேரமாக இருந்தால் அது நேர மண்டலக் கோளாறுதான். வேறு எதையும் சோதிக்க வேண்டாம். உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள இடைவெளி அதுவே.

டைம்டேட்சிடிஎல் (timedatectl) என்று தட்டினால் கணினி எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பது தெரியும். ஏசியா/கொல்கத்தா என்று இல்லாமல் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் மண்டலத்தை மாற்றினால் போதும். கோப்பின் உண்மையான நேரம் கெடாது. காட்டப்படும் விதம் மட்டும் சரியாகும்.

மண்டலம் சரியாக இருந்தும் பிசகு தொடர்ந்தால், அந்தக் கணினியில் விண்டோஸும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதைப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு மேலும் ஐந்தரை மணியைக் கூட்டும். காலை 10 மணி என்பது பிற்பகல் 3.30 ஆகிவிடும். இணையம் கிடைத்தவுடன் கடிகாரம் தானே திருந்திவிடுவதால், இணையம் வருவதற்கு முன் சேமித்த கோப்புகள் மட்டும் வருங்கால நேரத்தோடு நிற்கும். டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்ற கட்டளை இதை நிறுத்தும். அது காட்டும் எச்சரிக்கையைப் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு இயங்குதளமும் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே எளிய வழி.

மூன்றாவது காரணம் மெமரி கார்டு. ஃபேட் 32 வடிவம் நேரத்தை எந்த மண்டலம் என்ற குறிப்பே இல்லாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியதுபோல எழுதிவைக்கிறது. படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி பொது நேரத்தில் ஓடி, அந்த நேரத்தையே கார்டில் எழுதினால், விடிகாலை 5 மணிக்குக் கரை சேர்ந்தபோது சேமித்த தடக் கோப்பு, கணினியில் முந்தைய நாள் இரவு 11.30 என்று தெரியும். மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ படகு கரை பிடிப்பதே அந்த வேளையில்தான் என்பதால், -டேஸ்டார்ட் போட்டு இன்றைய தடத்தைத் தேடினால் அது நேற்றைய கணக்கில் போய்விடும். கருவியின் அமைப்பில் உள்ளூர் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வழியிருந்தால் அங்கேயே மாற்றுங்கள். இல்லாவிட்டால் கார்டை டிஇசட்=யுடிசி (tz=UTC; இதில் யுடிசி மட்டும் பெரிய எழுத்துகளில்) என்ற தெரிவோடு மவுண்ட் செய்தால் கணினியே ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டும். ஆனால் அதே கார்டில் கேமரா படங்களும் இருந்தால், அவற்றின் சரியான நேரம் இப்போது பிசகும். ஆகவே ஒரு கார்டை ஒரு கருவிக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி 4: ஆண்டே தவறாக இருக்கிறது, அல்லது ஒரே கோப்பு தினமும் தேடலில் வருகிறது

எல்எஸ் -எல் தரும் பட்டியலில் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஆண்டு தெரிந்தால் பதற வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு அது அப்படித்தான் காட்டும். ஆனால் வருங்காலத் தேதி கொண்ட கோப்புக்கும் அப்படியே காட்டும் என்பதால், --ஃபுல்-டைம் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

வருங்காலத் தேதியுள்ள கோப்பு, கடந்த ஒரு மணி நேரம் என்று கேட்டாலும், பத்து நிமிடம் என்று கேட்டாலும் தவறாமல் வந்து நிற்கும். அப்படிப்பட்டவற்றைத் தனியாகப் பிரிக்க,

ஃபைண்டு . -டைப் எஃப் -நியூவர்எம்டி நவ் (ஆங்கிலத்தில்: find . -type f -newermt now)

என்று தட்டலாம். வந்தவற்றின் தேதியை டச் கட்டளையால் திருத்திவிட்டால் தொல்லை தீரும்.

1970 ஜனவரி 1, காலை 5.30 என்று இருந்தால், கோப்புக்கு நேரமே பதிவாகவில்லை, கணக்கு சுழியத்திலிருந்து தொடங்குகிறது என்று பொருள். 1980 ஜனவரி 1 என்றால் கோப்பு ஃபேட் வடிவ கார்டிலிருந்து வந்திருக்கிறது, கேமராவின் கடிகாரம் அமைக்கப்படவில்லை. இரண்டிலும் உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

தேதி இவை இரண்டும் அல்லாமல் வேறு ஏதோ ஒரு பழைய நாளாக இருந்தால், தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ சி.ஆர். 2032 பேட்டரியைப் பாருங்கள். தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் பல கூடங்களில் கணினியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்த நாள்கள் முழுவதும் கடிகாரம் அந்தச் சிறு பேட்டரியில்தான் ஓட வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் நடுவிலேயே நின்றுவிடும். ஜூன் 15 அன்று கணினியைப் போட்டவுடன், இணையம் வருவதற்கு முன் எழுதிய முதல் நாள் கணக்கு பழைய தேதியோடு பதிவாகும். உப்புக்காற்று இதைத் துரிதப்படுத்துகிறது: பேட்டரியை எடுத்துப் பார்த்தால் அதன் அடியிலும், அது அமரும் தகட்டிலும் பச்சையும் வெண்மையுமாகப் பூத்திருக்கும். புதுப் பேட்டரி போடும் முன் அந்தத் தகட்டைச் சுத்தமான ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் புதியதும் பிடிக்காது. பூப்பு தகட்டைத் தாண்டிப் பலகையின் தடங்களுக்குப் பரவியிருந்தால் சுரண்டாமல் பலகை பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் பழைய மாடல்களுக்கு அந்தப் பேட்டரியே கிடையாது. கடைசியாக அணைந்தபோது குறித்துவைத்த நேரத்திலிருந்து அது மீண்டும் தொடங்கும். இணையம் இல்லாத இடத்தில் எத்தனை நாள் அணைந்திருந்ததோ அத்தனை நாள் பின்தங்கியே எழுதும்.

இப்படிக் கடிகாரமே பிசகிய நேரத்தில் எழுதிய கோப்புக்கு எம்டைம், சிடைம் இரண்டுமே தவறாக இருக்கும். தவறான தேதி எது என்று ஒரு கோப்பில் கண்டுகொண்டு, அந்த நாளுக்கு -நியூவர்எம்டி கொடுத்து, அடுத்த நாளுக்கு -நாட் சேர்த்த -நியூவர்எம்டி கொடுத்தால் அந்த ஒரு நாளின் கோப்புகள் மட்டும் வரும். இதைத் திருத்தாமல் விடக் கூடாது: ஆர்சிங்க் -யு கொண்டு பேக்கப் எடுப்பவர்களுக்கு, பேக்கப்பில் உள்ள பழைய பிரதி தேதியால் 'புதியதாக'த் தெரிவதால், உண்மையான புதிய கணக்கு பேக்கப்புக்குப் போகாமலே தங்கிவிடும்.

அறிகுறி 5: ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது

எல்லாவற்றுக்கும் மேலான வேர்க் கோப்புறையிலிருந்து ( / ) தேடினால், கணினி தன் இயக்க நிலையைக் காட்டும் /பிராக், /சிஸ் ஆகியவை எப்போதும் 'இப்போது மாறிய'வையாகவே தெரியும். -எக்ஸ்டெவ் சேர்த்தால் தேடல் ஒரே டிஸ்க்குக்குள் நிற்கும். வீட்டுக் கோப்புறையில் கொட்டுபவை பெரும்பாலும் பிரவுசரின் தற்காலிகக் கோப்புகள். -நாட் -பாத் '*/.கேஷ்/*' என்று சேர்த்து அவற்றை விலக்கலாம். ஏலக் கணக்கு விரிதாளில் இருக்கிறது என்று தெரிந்தால் -ஐநேம் '*.ஓடிஎஸ்' போதும்.

அறிகுறி 6: கோப்பைத் திருத்திச் சேமித்தும் தேதி மாறவில்லை

பார்ப்பது கோப்பையா கோப்புறையையா என்று உறுதி செய்யுங்கள். கோப்புறையின் தேதி அதற்குள் ஒரு கோப்பு சேரும்போதோ, நீங்கும்போதோ, பெயர் மாறும்போதோதான் மாறும். உள்ளே இருக்கும் கோப்பை அதே இடத்தில் திருத்தினாலும், இரண்டு அடுக்கு ஆழத்தில் புதிய கோப்பு உருவானாலும் மேல் கோப்புறை அசையாது. எல்எஸ் -எல்டி (ls -ld) போட்டுக் கோப்புறைத் தேதியைப் பார்த்து 'இதில் ஒன்றும் மாறவில்லை' என்று முடிவு கட்டுவதால்தான் பாதித் தேடல்கள் வீணாகின்றன.

பில் போடும் மென்பொருளின் தரவுத்தளம் எஸ்க்யூலைட் வகையாக இருந்தால், முதன்மைக் கோப்பு பல மணி நேரம் பழைய தேதியோடு இருக்கக்கூடும். புதிய பதிவுகள் அதே பெயரோடு -வால் (-wal) என்று முடியும் பக்கத்துக் கோப்பில் சேர்ந்து, பின்னர்தான் முதன்மைக் கோப்பில் கலக்கும். ஆகவே முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போனால் அன்றைய வியாபாரம் அதில் இல்லாமல் போகலாம். மென்பொருளை மூடிய பிறகு காப்பி செய்யுங்கள்.

வேறு கணினியில் இருக்கும் பகிர்வுக் கோப்புறையானால், நேரம் அந்தச் சர்வரின் கடிகாரத்திலிருந்து வரலாம். பகிர்வுக்குள் டச் கட்டளையால் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, அதன் தேதியையும் உங்கள் கணினியின் டேட் கட்டளை தரும் தேதியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அறிகுறி 7: வரிசை குழம்புகிறது, பெயர்கள் உடைகின்றன

ஃபைண்டு நேர வரிசையில் தராது. லினக்ஸில் இப்படிக் கேட்கலாம்:

ஃபைண்டு . -டைப் எஃப் -பிரிண்ட்எஃப் '%டி@ %பி\என்' | சார்ட் -என் | டெய்ல் (ஆங்கிலத்தில்: find . -type f -printf '%T@ %p\n' | sort -n | tail)

இதில் டி மட்டும் பெரிய எழுத்து. கடைசியாக மாறிய பத்துக் கோப்புகள் வரும், மிகப் புதியது அடியில் இருக்கும். கோப்புகளை எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக எல்எஸ்ஸுக்கு அனுப்பி வரிசைப்படுத்துவது வேண்டாம்: 'ஜூன் கணக்கு' போல இடைவெளி உள்ள பெயர் இரண்டாக உடையும், கோப்புகள் மிகுந்தால் தொகுதி தொகுதியாகப் பிரித்து வரிசையிடும். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் முனையத்தின் மொழி அமைப்பை யுடிஎஃப்-8 ஆக்குங்கள், கோப்பு கெடவில்லை.

அறிகுறி 8: அனுமதி இல்லை என்றோ, உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்றோ வருகிறது

அனுமதி இல்லை என்பது சிறிய விஷயம். நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சுடோவை முன்னால் சேர்த்துத் தேடுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இல்லையென்றால் கணினிக்குப் பொறுப்பானவரிடம் கேளுங்கள். 2>/டெவ்/நல் போட்டுப் பிழைச் செய்திகளை மறைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கோப்பு காணாமல் தேடும்போது அது கூடாது, ஏனெனில் எந்தக் கோப்புறைக்குள் நுழைய முடியவில்லை என்பதே அப்போது முக்கியமான துப்பு.

உள்ளீடு வெளியீட்டுப் பிழை அப்படியன்று. முதலில் கேபிளை மாற்றுங்கள். கடலோரத்தில் யுஎஸ்பி முனைகள் மங்கிப் பிடிப்பு விட்டுப்போவது சாதாரணம். வேறு கேபிளிலும், வேறு கணினியிலும் அதே பிழை வந்தால் இயங்குதளத்தின் உட்செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையைப் பாருங்கள். அதில் அந்த டிஸ்க்கின் பெயரோடு பிழை திரும்பத் திரும்ப வந்தாலோ, டிஸ்க் 'படிக்க மட்டும்' என்ற நிலைக்குத் தானாக மாறியிருந்தாலோ, புதிய கணக்கு எழுதப்படாமலே போயிருக்க வாய்ப்புண்டு. அதற்கு மேல் தேடக் கூடாது. ஒவ்வொரு முழுத் தேடலும் நொடித்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை இன்னும் சுழல வைக்கிறது. மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கில் கோப்பு அமைப்பைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டுவது அதைவிடக் கேடு.

டிக் டிக் என்று ஒலி கேட்டால் உடனே மின்னை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொண்டு செல்லுங்கள். கடல்நீரில் நனைந்த டிஸ்க்கானால் உலர்த்தி மின் கொடுத்துப் பார்க்க வேண்டாம். நனைந்த நிலையிலேயே, காற்றுப் புகாத பையில் போட்டு ஒப்படைப்பது நல்லது. கொடுக்கும்போது எந்தக் கோப்புறை, எந்தத் தேதிக்குப் பிந்திய கோப்புகள் வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கணினியின் கடிகாரம் பிசகியிருந்தது என்றால், அது காட்டிக்கொண்டிருந்த தவறான தேதியையும் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள், ஏனெனில் மீட்பவர் அந்தத் தேதியை வைத்துத்தான் தேடத் தொடங்குவார்.